இல்லாத கண்ணுக்குப் புதிய சான்றிதழ் வேண்டுமாம்

கண் தெரியாத மாணவர்களுக்கான உதவித்தொகைக்கு ஆறு மாதத்துக்கு முந்திய வைத்தியச் சான்றிதழ் செல்லாதாம். புதிதாக எடுத்து வரட்டாம்.

என் தம்பிக்கு இரண்டு கண்ணும் இல்லை. 2009இல் போர் நடந்தபோது முல்லைத்தீவு மாத்தளனில் ஷெல் விழுந்து போனவை. மிச்சம் இருந்ததையும் வைத்தியர்கள் எடுத்துவிட்டார்கள். பார்வை குறைவு இல்லை, மங்கல் இல்லை, கண்ணே இல்லை. ஆறு மாதத்தில் அதில் என்ன மாறியிருக்கும்? வன்னியில் இருக்கிற எத்தனையோ பிள்ளைகளிடம் இதையே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைக்கத்தான் வயிறு எரிகிறது.

நேற்றுக் கந்தோரில் நடந்ததைக் கேளுங்கள். உத்தியோகத்தர் கோப்பைத் திறந்தார். தம்பியை ஒருக்கால் பார்த்தார். பிறகு என்னிடம், “தம்பி வந்திருக்கிறாரோ தங்கச்சி?” என்றார். பக்கத்தில் வெள்ளைப் பிரம்போடு நிற்கிறான். “நான்தான் ஐயா” என்றான். அதற்குப் பிறகும் கேள்வி எல்லாம் எனக்குத்தான். என்ன படிக்கிறார்? எந்தக் கம்பஸ்? தனியப் போய் வருவாரோ? ஒவ்வொன்றுக்கும் அவன்தான் பதில் சொன்னான். அவர் என் முகத்தைப் பார்த்தே எழுதினார். உயர்தரம் பாஸ் பண்ணி, பல்கலைக்கழகம் போகிற பிள்ளைக்கு வாய் இருக்காதா?

அப்புறம் போர்ம். ‘விண்ணப்பதாரி தன் கையெழுத்தில் நிரப்ப வேண்டும்.’ கண் தெரியாத மாணவர்களுக்கான உதவித்தொகைக்கு! இணையத்தில் போட்டிருப்பதும் காகிதத்தைப் படம் பிடித்து ஏற்றிய கோப்பு. தம்பியின் கணினியில் திரையை வாசிக்கிற என்விடிஏ இருக்கிறது, இலவச மென்பொருள். எழுத்தாக இருந்தால் வாசித்துக் காட்டும். படமாக இருந்தால் அதில் வாசிக்க எதுவுமே இல்லை. எழுத்தாகத் தட்டச்சுச் செய்து போட்டிருந்தால் அவனே நிரப்பியிருப்பான், நான் வேலைக்கு லீவு போட்டுக்கொண்டு பின்னால் திரிய வேண்டாம். கூட வருகிறவரின் பஸ் காசுக்கும் போகிற நாள் சம்பளத்துக்கும் அந்தப் போர்மில் ஒரு கட்டம் கூட இல்லை. பாடப் புத்தகத்தை ஆள் வைத்து வாசித்துப் பதிவு செய்கிற செலவும் அதில் இல்லை.

எல்லாம் எழுதிக் கொடுத்த பிறகுதான் அவர் சான்றிதழில் திகதியைப் பார்த்தார். “இது பழசு, புதுசு எடுத்துக்கொண்டு வாங்கோ.” முதலிலேயே பார்த்திருக்கலாமே! இனிக் கண் கிளினிக்கில் விடிய நம்பர் எடுத்து, வைத்தியர் வரும்வரை இருந்து, கண் இல்லை என்று எழுதி வாங்கி, கிராம சேவகரிடம் வருமானக் கடிதமும் திரும்ப எடுக்க வேண்டும். அதற்குள் முடிவுத் திகதி போய்விடும்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கு இலங்கையில் 1996இலேயே சட்டம் வந்துவிட்டது, 28ஆம் இலக்கம். கல்வி நிறுவனத்தில் சேர்ப்பதில் பாகுபாடு காட்டக் கூடாது என்று அதில் இருக்கிறது. 2016இல் அதே உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தையும் நாடு ஏற்றுக்கொண்டது. சேர்த்துவிட்டால் போதுமா, படித்து முடிக்க வேண்டாமா? நிரந்தரமான குறைபாட்டுக்கு ஒரே ஒரு சான்றிதழ், ஆயுளுக்கும் செல்லும் என்று ஒரு சுற்றறிக்கை போட எவ்வளவு நேரமாகும்?

திரும்பி வர ஏ9 வீதியில் கைகாட்டிக்கொண்டு நின்றால், இரண்டு பஸ்காரர் ஒருவரை ஒருவர் முந்துகிற வெறியில் எங்கள் மேல் புழுதியை அடித்துவிட்டுப் போனார்கள். ஏற்றுவதற்குத்தானே ஐயா பஸ் ஓடுகிறீர்கள்?