100 வாட்ஸ் வேண்டாம்

கணவருக்குப் பரிசளிக்க கிடார் ஆம்ப் (கிடாரின் ஒலியைப் பெருக்கும் பெட்டி) தேடும் காரைக்குடி சகோதரிக்கு, "செட்டிநாட்டு வீடு பெரிது, 100 வாட்ஸே வாங்குங்கள், 50 வாட்ஸைவிட இரண்டு மடங்கு சத்தம் வரும்" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். இது தவறு. தயவுசெய்து இதை நம்பிப் பணத்தைக் கொட்டாதீர்கள்.

வாட்ஸ் இரட்டிப்பானால் அதே ஸ்பீக்கரில் கூடுவது 3 டெசிபல்தான் (டெசிபல் என்பது ஒலி அளவின் அலகு). சத்தம் கொஞ்சம் ஏறியதுபோல் தெரியும், அவ்வளவே. இரண்டு மடங்காகக் கேட்க ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட்ஸ்.

அப்புறம் அந்த வீட்டையே யோசித்துப் பாருங்கள். ஆத்தங்குடி டைல்ஸ் தரை, வழவழவென்ற சுண்ணாம்புப் பூச்சுச் சுவர், உயரமான கூரை. இவை ஒலியை உறிஞ்சுவதில்லை, திருப்பி அனுப்புகின்றன. அங்கே 100 வாட்ஸைச் சத்தமாக வைத்தால் ஸ்வரம் தெளிவில்லாமல் குழம்பும். அதிலும் வால்வு ஆம்ப் (கண்ணாடிக் குழாய்களால் ஒலியைப் பெருக்கும் பழைய வகை) என்றால், வால்யூமை ஏற்றினால்தான் அதன் நல்ல டோன் வரும். வீட்டுக்குள் அந்த அளவுக்கு ஏற்றவே முடியாது.

வீட்டில் வாசிக்க 10 முதல் 20 வாட்ஸ் தாராளம். 8 அங்குல ஸ்பீக்கர், ஹெட்போன் ஜாக் இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். கூட்டுக் குடும்பத்தில் ராத்திரி வாசிக்க அந்த ஜாக் ரொம்ப உதவும்.

வாட்ஸைவிட முக்கியம், அவரிடம் இருப்பது எலக்ட்ரிக் கிடாரா, பிக்கப் (தந்தியின் அதிர்வை மின் சைகையாக மாற்றும் கருவி) வைத்த அக்கூஸ்டிக்கா, அதாவது உள்ளே வெற்றிடமுள்ள மரக் கிடாரா என்பது. எலக்ட்ரிக் ஆம்பில் அக்கூஸ்டிக் மந்தமாக ஒலிக்கும்; அதற்குத் தனி அக்கூஸ்டிக் ஆம்ப் உண்டு. சரி, முதலில் அவருக்குத் தெரியாமல் கிடாரை ஒரு படம் எடுத்துக் கடைக்காரரிடம் காட்டுங்கள்.