நூலகத்தில் நம் தோட்டங்களுக்கும் ஒரு தட்டு வேண்டும்

மலேசியாவின் தஞ்சோங் மாலிமில் 1922-ல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கியதுதான் இன்றைய சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம். நம் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் பலர் அங்கே படித்துவிட்டு வந்தவர்கள். அதன் துவாங்கு பைனுன் நூலகத்தைத் தேர்வுக் காலத்தில் இடம் பிடிக்கும் குளுகுளு அறையாக மட்டும் நினைப்பது எனக்கு ஒப்பவில்லை. ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்து வீட்டில் ஆறு பேரோடு வளர்ந்த பிள்ளைக்கு அங்கே கிடைக்கும் ஒரு தனி மேசை பெரிய விஷயம்தான். ஆனால் அந்தப் பிள்ளை தன் தோட்டத்தையே ஆய்வுக்கு எடுத்தால் எதைப் புரட்டும்?

தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரைமார் கம்பெனி அறிக்கையிலும் தொழிலாளர் இலாகா ஆண்டறிக்கையிலும் நம் ஆட்கள் வெறும் தலைக்கணக்கு. பெயர்கள் வேறு இடத்தில் இருக்கின்றன: தோட்டப் பள்ளி ஆண்டு மலரில், கோயில் கும்பாபிஷேக மலரில். கையில் எடுத்துப் பாருங்கள். ஸ்டேப்பிள் துரு நடுப்பக்கம் வரை இறங்கியிருக்கும். ஓரத்தை ராமபாணப் பூச்சி அரித்திருக்கும். கடைசிப் பக்கத்தில் நன்கொடைப் பட்டியல்: மண்டோர் (வேலை மேற்பார்வையாளர்) 10 வெள்ளி, ரப்பர் பால் வெட்டும் அம்மா 2 வெள்ளி, பக்கத்தில் டவுன் தையல் கடை விளம்பரம். யார் எந்த லயத்தில் இருந்தார், பள்ளிக்கூடக் கூரையை யார் காசு கொடுத்து மாற்றினார் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எங்கே இருக்கிறது?

1950-களின் கடைசியில் தோட்டத் துண்டாடல் வந்தது; பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். பிறகு பால் மரம் போய்ச் செம்பனை வந்தது, வீடமைப்பு வந்தது. சனம் சிதறியது. சில பள்ளிகள் இடம் மாறின, சில மூடப்பட்டன. மலர்கள் மட்டும் தகரப் பெட்டிகளில் தங்கிவிட்டன.

அச்சிட்டதைத் தேசிய நூலகத்துக்குக் கொடுக்க வேண்டும் என்று 1986-லேயே சட்டம் இருக்கிறது. கும்பாபிஷேக வேலையில் ஓடும் கோயில் கமிட்டிக்கு அது நினைவுக்கு வருமா? அதனால் பல்கலைக்கழக நூலகம்தான் நம்மைத் தேடி வர வேண்டும் என்கிறேன். தமிழ்க் கல்வி படிக்கும் மாணவர்களை வார இறுதியில் அனுப்பட்டும். அவர்கள் ஸ்கேன் செய்யட்டும், தோட்டத்தின் பெயரையும் வருடத்தையும் குறித்துப் பட்டியலில் ஏற்றட்டும். தாத்தாவின் பெயரைத் தானே பதிவு செய்யும் மாணவி அந்த நூலகத்தை வேறு கண்ணோடு பார்ப்பாள்.

பேராங், சிலிம் ரிவர், கலும்பாங், கெர்லிங் பக்கத்து உறவுகளே, வீட்டில் பழைய மலர் இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். தோட்டத்தின் பெயரையும் வருடத்தையும் கீழே எழுதுங்கள். பட்டியல் சேர்ந்ததும் நூலகத்துக்கு நாமே கடிதம் எழுதுவோம்.