பைப்பு மாத்தியாச்சு

பிளம்பர்: சார், பைப்பு மாத்தணும்.

வீட்டுக்காரர்: போன மாசம்தானேப்பா மாத்துனேன்!

பிளம்பர்: எதை?

வீட்டுக்காரர்: பைப்பைத்தான். திருகினா தண்ணி வருமே, அது.

பிளம்பர்: வருதா?

வீட்டுக்காரர்: வரலைன்னுதானே உன்னைக் கூப்பிட்டேன்.

பிளம்பர்: அது டேப் சார். நான் சொல்றது சுவத்துக்குள்ள ஓடுற பைப்பு.

வீட்டுக்காரர்: எங்க வீட்ல ரெண்டுக்கும் ஒரே பேருதான்.

பிளம்பர்: பேரு ஒண்ணு, வயசு வேற. இந்த ஜி.ஐ. பைப்புக்கு 50 வருஷம் இருக்குமா?

வீட்டுக்காரர்: அப்பா போட்டது. இரும்பு மாதிரி நிக்கும்.

பிளம்பர்: இரும்பேதான் சார், அதான் தொல்லை. மேல பூசின துத்தநாகம் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாச்சு. இந்தாங்க, அறுத்த துண்டு. அரை இஞ்சு பைப்பு, துரு அடைச்சு பென்சில்கூட நுழையல.

வீட்டுக்காரர்: (கண்ணருகே பிடித்து) அந்தப் பக்கம் எதுவும் தெரியலையே?

பிளம்பர்: தண்ணிக்கும் தெரியலை.

வீட்டுக்காரர்: அப்போ ஷவர் மேல தப்பில்லையா? முறம் அகலத்துக்கு வாங்கி மாட்டியிருக்கேன்.

பிளம்பர்: ஷவர் பாவம் சார்.

வீட்டுக்காரர்: சரி, இந்த ஒரு துண்டை மட்டும் மாத்திடு.

பிளம்பர்: மரை வெட்டுன இடத்துலதான் பைப்பு மெலிசு, பூச்சும் கிடையாது. இங்க ரெஞ்சு போட்டுத் திருகினா அடுத்த ஜாயிண்ட் கையோட வரும்.

வீட்டுக்காரர்: பிரஷர் பம்பு வெச்சா?

பிளம்பர்: தண்ணி பிச்சுக்கிட்டு வரும். ஹால் சுவத்துல.

வீட்டுக்காரர்: ஐயோ, டைல்ஸ் ஒட்டி ஆறு மாசம்கூட ஆகலைப்பா!

பிளம்பர்: அன்னைக்குச் சுவத்தைக் கொத்துனப்போ இந்தப் பைப்பைப் பார்க்கலையா?

வீட்டுக்காரர்: பார்த்தோம். பெயிண்ட் அடிச்சு மூடிட்டோம்.

(சத்தியமாக இது நான் கட்டிய கதையில்லை. இதே பதிலை மூன்று வீடுகளில் கேட்டிருக்கிறேன்.)

பிளம்பர்: எர்த் கம்பியையும் இதுலதான் சுத்தி வெச்சிருக்கீங்க. நான் பிளாஸ்டிக் பைப்பு போட்டா எர்த் போயிடும். முதல்ல எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க.

வீட்டுக்காரர்: அதுவும் அப்பாதான்.

பிளம்பர்: அவர் காலத்துக்கு அவர் செஞ்சாரு சார். நீங்க டைல்ஸ் ஒட்டுனீங்க.

வீட்டுக்காரர்: உடைக்காம வழியே இல்லையா?

பிளம்பர்: பழசை உள்ளயே விட்டுட்டு, சுவத்துக்கு வெளிய சிபிவிசின்னு ஒரு பிளாஸ்டிக் பைப்பு ஓட்டலாம். சுடுதண்ணியும் தாங்கும்.

வீட்டுக்காரர்: வெளிய பைப்பு தெரிஞ்சா அசிங்கமா இருக்காது?

பிளம்பர்: காலைல முதல் பக்கெட் செம்மண் கலர்ல வருதே, அது?

வீட்டுக்காரர்: அதை நாங்க மட்டும்தானே பார்க்கறோம்.

(உள்ளேயிருந்து மனைவி குரல்: என்னவாம்?)

வீட்டுக்காரர்: பைப்பு மாத்தணுமாம்!

மனைவி: போன மாசம்தானே மாத்துனோம்?

(பிளம்பர் பையை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்.)