இன்னொரு டிகிரி படின்னு சொல்றவங்க ஃபீஸையும் சேர்த்துக் கட்டுங்க

இனிமே யாராவது என்கிட்ட வந்து, "சும்மாதானேம்மா இருக்க, மேல எதையாவது படிச்சு வையேன்"னு சொன்னா, அவங்க வீட்டு வாசல்லயே உட்கார்ந்து ஃபீஸை வாங்கிட்டுத்தான் எந்திரிப்பேன். சத்தியமா முடியல.

காய் வாங்கப் போனா சொல்றாங்க. கோயில் திருவிழாவுல சொல்றாங்க. மினி பஸ்ஸுல கம்பியைப் பிடிச்சுத் தொங்கிட்டு வர்றப்ப பின் சீட்டுல இருந்து தோளைத் தட்டிச் சொல்றாங்க. ரேஷன் கடை வரிசையில எனக்கு முன்னாடி நின்ன ஒரு அக்கா, என் பேரு கூடத் தெரியாது, "பி.எட். பண்ணு கண்ணு, பொம்பளப் பிள்ளைக்கு அதான் சேஃப்டி"ன்னு சொல்லிட்டு பாமாயிலை வாங்கிட்டுப் போயிட்டாங்க. எது சேஃப்டி? யாருக்குச் சேஃப்டி?

நான் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. கோத்தகிரி பக்கம். அம்மா எஸ்டேட்ல கொழுந்து பறிக்கிறாங்க, அப்பா டீ ஃபேக்டரியில ராத்திரி ஷிஃப்ட்டு. இருக்கிறது எஸ்டேட் குடுத்திருக்கிற வரிசை வீடு, லயன் வீடுன்னு சொல்லுவாங்க. அப்பா ரிட்டயர் ஆனா வீட்டைக் காலி பண்ணணும், அதுக்கு ரொம்ப நாள் இல்ல. எங்க வீட்டுல காலேஜ் வாசப்படியை மிதிச்ச முதல் ஆள் நான்தான். அந்த டிகிரி சர்டிஃபிகேட் பீரோவுல இருக்கு. மழைக்காலத்துல இங்க மிஸ்ட் வீட்டுக்குள்ளயே வந்து உட்காரும், துணிமணியெல்லாம் பூசணம் பிடிக்கும். என் மார்க்‌ஷீட்டோட ஓரத்துலயும் பிடிச்சிருச்சு. வெயில் எட்டிப் பார்க்கிற அன்னிக்குக் கம்பளியோட சேர்த்து அதையும் அம்மா வெளிய எடுத்து வெப்பாங்க. காய்ஞ்சதும் முந்தானையால துடைச்சு, கவர்ல போட்டு, திரும்ப உள்ள வெப்பாங்க. வேலைக்குன்னு அது வெளிய போனதைவிட வெயிலுக்குன்னு வெளிய வந்ததுதான் அதிகம்.

இந்த லட்சணத்துல அதுக்குப் பக்கத்துல இன்னொரு சர்டிஃபிகேட்டாம்.

இன்டர்வியூன்னா எங்களுக்குக் கீழே போகணும். கோயம்புத்தூர். முதல் பஸ்ஸைப் பிடிக்க இருட்டுல ஸ்வெட்டரும் மஃப்ளருமா கிளம்பி, மேட்டுப்பாளையம் இறங்கறதுக்குள்ள ஸ்வெட்டரைக் கழட்டிப் பைக்குள்ள திணிச்சு, அடுத்த பஸ்ஸுல கசகசன்னு வேர்த்து, ஆபீஸ் வாசல்ல போய் நிக்கிறப்ப மூஞ்சியைப் பார்த்தாலே வேலை தர மாட்டான். மழைக்காலத்துல எங்கேயாவது மண் சரிஞ்சா அந்த இன்டர்வியூவும் சேர்ந்து சரிஞ்சிரும். மே மாச சீசன்ல குன்னூர் வழியா ஏறுற டூரிஸ்ட் வண்டியெல்லாம் கோத்தகிரி வழியாத்தான் இறங்கும். அப்ப எங்க ரோட்டுல பஸ் நகர்றதுக்குள்ள இன்டர்வியூ எடுக்கிறவரு மத்தியானச் சாப்பாட்டையே முடிச்சிருப்பாரு.

இத்தனையும் தாண்டி உள்ள போனா முதல் கேள்வி, "ஓ, கோத்தகிரியா? செம க்ளைமேட்ல!" க்ளைமேட்டைச் சோத்துல போட்டுப் பிசைஞ்சா சார் சாப்பிட முடியும்? ரெண்டாவது கேள்வி எக்ஸ்பீரியன்ஸ். ஃப்ரெஷர் வேணும்னு விளம்பரம் போட்டுட்டு எக்ஸ்பீரியன்ஸ் கேட்கிறவங்களை என்னன்னு திட்டறது? ஒரு டையிங் யூனிட் லேப்ல அந்த சார் என் ஃபைலை முன்பக்கத்துல இருந்து பின்பக்கம், பின்பக்கத்துல இருந்து முன்பக்கம் புரட்டிட்டு, "எம்.எஸ்சி. இருந்திருந்தா பார்க்கலாம்"னாரு. சரி, எம்.எஸ்சி. இருந்தா என்ன சம்பளம்னு கேட்டேன். பதிமூணாயிரம். எனக்குன்னா பதினோராயிரம். ரெண்டு வருஷம், காலேஜ் ஃபீஸ், ஹாஸ்டல், பஸ்ஸு, புக்கு, ப்ராஜெக்ட், எல்லாத்துக்கும் சேர்த்துக் கிடைக்கிற மரியாதை மாசம் ரெண்டாயிரம் ரூபாய். அங்க லேடீஸ் ஹாஸ்டலுக்கே ஆறாயிரம் போயிரும். இன்னொரு இடத்துல, என்கூடப் படிச்சு எம்.எஸ்சி.யும் முடிச்சவகிட்ட, "நீங்க ஓவர் குவாலிஃபைட், நின்னு வேலை பார்க்க மாட்டீங்க"ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. படிக்கலன்னாலும் குத்தம், படிச்சாலும் குத்தம்னா நாங்க எந்த இடத்துல போய் நிக்கணும்னு ஒரு கோடு போட்டுக் காட்டுங்கப்பா.

சரி, அந்தப் புகழ்பெற்ற பி.எட்.டுக்கு வருவோம். இதைச் சொல்றவங்க எல்லாரும் ஏதோ முப்பது வருஷத்துக்கு முன்னாடி இருந்து பேசறாங்க. பி.எட். இப்ப ஒரு வருஷம் இல்லீங்க, 2015ல இருந்து ரெண்டு வருஷம். முடிச்சா டீச்சரா? இல்ல. டெட்ங்கிற ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதணும். 150 மார்க்குல 90 எடுக்கணும், இட ஒதுக்கீட்டுல வர்றவங்களுக்குக் கொஞ்சம் குறைவு. பாஸ் பண்ணிட்டா டீச்சரா? அப்பவும் இல்ல. அரசுப் பள்ளி வேலைக்கு டெட் பாஸானவங்களுக்கு மறுபடி ஒரு போட்டித் தேர்வு உண்டுன்னு 2018ல அரசாணை போட்டாச்சு. டெட் பாஸ் பண்ணிட்டு வருஷக்கணக்கா ரோட்டுல உட்கார்ந்து போராடினவங்களை டி.வி.யில பார்த்துட்டே "பி.எட். பண்ணு"ன்னு சொல்றதுக்கு ஒரு தனி மனசு வேணும். ஏற்கெனவே வேலையில இருக்கிற டீச்சர்களே டெட் பாஸ் பண்ணியாகணும்னு 2025 செப்டம்பர்ல சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. உள்ள இருக்கிறவங்களே பதறிட்டு இருக்காங்க, நீங்க என்னை உள்ள தள்ளிவிடப் பார்க்கிறீங்க. மேல்நிலைப் பள்ளியில பாடம் எடுக்கணும்னா எம்.எஸ்சி.யும் வேணும் பி.எட்.டும் வேணும், அதுக்கு மேல டி.ஆர்.பி.ங்கிற ஆசிரியர் தேர்வு வாரியத்தோட தேர்வு. மொத்தம் நாலு வருஷப் படிப்பு, அப்புறம் பரீட்சை, அப்புறம் காத்திருப்பு. அதுவரைக்கும் லயன் வீட்டைக் காலி பண்ணாம வெச்சிருக்கச் சொல்லி எஸ்டேட் தொரைக்கு யாரு லெட்டர் எழுதுவா? அந்த ரேஷன் கடை அக்காவா?

பிரைவேட் ஸ்கூல்னு சொல்லுவீங்க. இந்த மலையில ஸ்கூலுக்குப் பஞ்சமே இல்ல, தெரியும். பக்கத்து லயத்து அண்ணி பி.எட். முடிச்சுட்டு ஒரு ஸ்கூல்ல ஒன்பதாயிரத்துக்குப் போறாங்க. காலையில ஏழு மணிக்குப் போனா சாயந்தரம் ஆறு. லீவு நாள்ல அட்மிஷனுக்கு வீடு வீடா நோட்டீஸ் குடுக்கணும். ஒரிஜினல் சர்டிஃபிகேட் வேற ஆபீஸ்ல பூட்டுல இருக்கு.

எங்க மாமா ஒருத்தர் இருக்காரு. அவர்தான் இதுல தலைமை உபதேசி. "எங்க காலத்துல..."ன்னு ஆரம்பிச்சாருன்னா டீ ஆறிப் பாலாடை கட்டிரும். அவரு ஊட்டி இந்துநகர் ஃபிலிம் ஃபேக்டரியில வேலை பார்த்தவரு. 1960ல மத்திய அரசு ஆரம்பிச்சு, 1967ல உற்பத்தி தொடங்கின கம்பெனி. ஐ.டி.ஐ. முடிச்சுட்டு நேரா உள்ள போனாரு, குவார்ட்டர்ஸ், கேன்டீன், எல்லாம் கிடைச்சுது. அப்புறம் டிஜிட்டல் வந்துது, ஃபிலிம் போச்சு, ஃபேக்டரியே படுத்திருச்சு. மாமா, உங்களுக்கு வேலை கிடைச்சது நீங்க படிச்சதாலயா, இல்ல அங்க ஒரு ஃபேக்டரி இருந்ததாலயா? அந்த ஃபேக்டரி மூடினப்ப நீங்க எம்.எஸ்சி. படிச்சிருந்தா மட்டும் அது மூடாம இருந்திருக்குமா? இதை நான் கேட்டேன். அதுக்கு அவரு அத்தையைப் பார்த்து, "வாய் ஜாஸ்தியாயிருச்சு இவளுக்கு"ன்னாரு. பதில் வரல.

வேலையே இல்லாத எடத்துல தகுதியை மட்டும் கூட்டிக்கிட்டே போறது, காலி சிலிண்டருக்கு ரெகுலேட்டர் மாத்தற கதைதான். இந்த மலையில கெமிஸ்ட்ரி படிச்சவளுக்கு என்ன இருக்கு? பக்கத்துலயே அரவங்காடு. நூறு வருஷத்துக்கு மேல வெடிமருந்து செய்யிற ஊரு, கெமிஸ்ட்ரிக்கு அதைவிடக் கிட்ட ஒண்ணு வேணுமா? ஆனா இந்த மாதிரி ஃபேக்டரிகள்ல இப்ப ஒப்பந்தத்துல எடுக்கிற, வெடிமருந்து கையாள்ற டேஞ்சர் பில்டிங் வொர்க்கர் வேலைக்குக் கேட்கிறது ஏ.ஓ.சி.பி. ட்ரேட் சர்டிஃபிகேட். அதாவது கெமிக்கல் பிளான்ட் ஆபரேட்டர் பயிற்சி. எம்.எஸ்சி. இல்ல, பி.எச்.டி. இல்ல. அதாவது நான் மேல மேல ஏறிப் போகணும்னு ஊரே சொல்லுது, வேலை என்னடான்னா கீழ ஒரு படியில நின்னு என்னைக் கேட்குது. இதை எனக்குப் பதினேழு வயசுல ஒருத்தரும் சொல்லல. அப்ப எல்லாரும் "டிகிரி முடி"ன்னுதான் சொன்னாங்க. அதே ஆளுங்கதான் இப்ப "இன்னொண்ணு முடி"ங்கிறாங்க.

மத்தபடி இங்க இருக்கிறது ரிசார்ட்டும் ஹோம்ஸ்டேவும். அங்க எந்த டிகிரின்னே கேட்கிறதில்ல. "இங்கிலீஷ் வருமா, ஹிந்தி வருமா, ராத்திரி தங்குவியா?" சீசன் முடிஞ்சா "கூப்பிடறோம்மா." கூப்பிட மாட்டாங்க.

சரி, அரசு வேலை. குரூப் 4. 2024ல 6,244 இடம்னு அறிவிச்சாங்க, அப்புறம் படிப்படியா ஒன்பதாயிரத்துக்கு மேல கூட்டினாங்க. விண்ணப்பம் போட்டவங்க சுமார் 20 லட்சம் பேர். அதுக்கு அடிப்படைத் தகுதி பத்தாம் வகுப்பு. நான் இன்னும் மூணு டிகிரி வாங்கிட்டு வந்து உட்கார்ந்தாலும் அந்த ஓ.எம்.ஆர். ஷீட்ல எனக்கு ஒரு அரை மார்க் கூட ஏறாது. எம்.எஸ்சி. ரெகுலர்ல சேர்ந்தா அதுக்குப் படிக்கிற நேரமும் போச்சு.

"அரசாங்கம் உதவித்தொகை தருதே, வாங்கிட்டு நிதானமா யோசி"ன்னு ஒரு அறிவாளி. தருது. வேலைவாய்ப்பு அலுவலகத்துல பதிஞ்சு அஞ்சு வருஷம் காத்திருந்தா பட்டதாரிக்கு மாசம் 600 ரூபாய், மூணு வருஷத்துக்கு. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 72,000 தாண்டக் கூடாது. எங்கம்மா நாளைக்கு நானூறு சொச்சம் ரூபாய் கூலிக்கு அட்டைக்கடி பட்டுக்கிட்டுக் கொழுந்து பறிக்கிறாங்களே, அவங்க கூலி ஒண்ணே அந்தக் கோட்டைத் தாண்டிரும். ஆக நாங்க வசதியான குடும்பம். அதுலயும் காலேஜுக்குப் போய்ப் படிச்சுக்கிட்டிருந்தா அந்த 600ம் கிடையாது.

லோன் போடுன்னு இன்னொரு யோசனை. கல்விக் கடன் ஏழரை லட்சம் வரைக்கும் சொத்து ஜாமீன் வேண்டாம், நல்ல விஷயம். படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் வரைக்கும் தவணை கட்ட வேண்டாம். ஆனா வட்டி முதல் நாள்ல இருந்து ஓடிக்கிட்டுத்தான் இருக்கும். சொந்தக்காரங்களைவிட பேங்க் எவ்வளவோ தேவலை, அவனாவது ஒரு வருஷம் டைம் தர்றான். இவங்க கான்வொகேஷன் போட்டோவை ஸ்டேட்டஸ் வெச்ச அன்னிக்கே "எங்க வேலை?"ங்கிறாங்க.

தபால்ல படி, 2022ல இருந்து ஒரே நேரத்துல ரெண்டு டிகிரியே படிக்கலாம்னு யு.ஜி.சி. சொல்லிருச்சேன்னு லிங்க் அனுப்பறான் என் தம்பி. அடேய், ஒண்ணை வெச்சுக்கிட்டே என்ன பண்றதுன்னு தெரியல, ஒரே நேரத்துல ரெண்டாம்!

படிப்பே வேண்டாம்னு நான் சொல்றதா யாரும் கிளப்பி விடாதீங்க. என் ஃப்ரெண்டு ஒருத்தி பி.காம். முடிச்சுட்டு மூணு வருஷ எல்.எல்.பி.யில சேர்ந்திருக்கா. அது நியாயம். முதல் டிகிரி இருந்தாத்தான் அதுல சேரவே முடியும், முடிச்சு பார் கவுன்சில்ல பதிஞ்சாத்தான் வக்கீல், வேற வழி கிடையாது. லைப்ரரி வேலைதான் வேணும்னு தெளிவா இருக்கிறவன் நூலக அறிவியல் படிக்கிறான், அதுவும் சரி. அவங்களுக்கு முன்னாடி ஒரு வேலை நிக்குது, அதுக்கு ஒரு பேப்பர் கேட்குது, போய் வாங்கறாங்க. என்னைச் சேரச் சொல்றவங்க ஒருத்தர் வாயிலயாவது "இந்த வேலைக்கு"ன்னு ஒரு பேரு வருதா? வராது. அவங்களுக்கு வேண்டியது, "உங்க பொண்ணு என்ன பண்றா?"ன்னு யாராவது கேட்டா அம்மா சொல்றதுக்கு ஒரு பதில். எம்.எஸ்சி. பண்றான்னு சொன்னா ரெண்டு வருஷத்துக்கு யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க. அந்த ரெண்டு வருஷ வாடகையை என் தலையில கட்டப் பார்க்கிறாங்க. கல்யாணப் பேச்சுக்கும் ஆகும்னு அத்தை சொல்லியாச்சு, பயோடேட்டாவுல ஒரு வரி கூடுமாம்.

அம்மா மட்டும் ஒண்ணும் சொல்லல. ராத்திரி விரல்ல தேங்காயெண்ணெய் தேய்ச்சுக்கிட்டே, "சேரணும்னா சொல்லு, சீட்டை முன்கூட்டி எடுத்துரலாம்"னாங்க. கொழுந்துக் கறை ஏறின அந்த விரலைப் பார்த்துக்கிட்டு நான் எப்படிங்க "சரி, எடு"ன்னு சொல்றது? சீட்டை முன்கூட்டித் தள்ளி எடுத்தா எவ்வளவு கையை விட்டுப் போகும்னு எனக்குத் தெரியும். அந்தச் சீட்டு வீட்டு அட்வான்ஸுக்குப் போடறது.

அதனால இந்த வருஷம் அப்ளிகேஷன் போடல. எம்.எஸ்சி.யும் இல்ல, பி.எட்.டும் இல்ல. குரூப் 4க்குப் படிக்கிறேன், சாயந்தரம் லயத்துப் பிள்ளைங்களுக்கு டியூஷன் எடுக்கிறேன், ஏ.ஓ.சி.பி. பயிற்சி எங்க கிடைக்கும்னு விசாரிச்சுக்கிட்டு இருக்கேன். திமிர்னு சொல்றவங்க சொல்லிக்கோங்க.

மாமா, அத்தை, தம்பி, ரேஷன் கடை அக்கா, எல்லாருக்கும் சேர்த்து ஒண்ணு. உங்க கண்ணுல எங்கேயாவது ஒரு வேலை அறிவிப்பு பட்டா எனக்கு அனுப்புங்க, கடைசித் தேதிக்கு முன்னாடி அனுப்புங்க. தினம் காலையில ரோஜாப்பூ போட்டு குட்மார்னிங் அனுப்பறீங்களே, அதே நம்பர்தான்.