சாம்பாரில் கலந்துவிடுங்கள் என்ற டாக்டருக்கு

மனநோய் மாத்திரை பற்றி ஒரு டாக்டர் பேசும் அந்த வீடியோவை ஆளாளுக்கு அனுப்பிவிட்டீர்கள், பார்த்துவிட்டேன், போதும். "மாத்திரை வேண்டாம்னு அடம்பிடிச்சா சாம்பார்ல கலந்துடுங்க, தெரியவா போகுது" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறார். கீழே ஏகப்பட்ட ஹார்ட்.

தெரியும் சார். நன்றாகவே தெரியும்.

என் அக்காவுக்கு மனச்சிதைவு. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில், இவரைப் போல ஒரு டாக்டர் சொல்லித்தான் அம்மா ரசத்தில் சொட்டு மருந்து கலந்தார். கண்டுபிடித்த நாளிலிருந்து அக்கா வீட்டுச் சோற்றைத் தொடவில்லை. வாழைப்பழம், அதுவும் தானே உரித்தால்தான். இல்லாவிட்டால் பிரிக்காத பிஸ்கட் பாக்கெட். "சோத்துல எதையோ கலக்குறாங்க" என்று அவள் சொன்னதை நோயின் அறிகுறி என்று சீட்டில் எழுதினார்கள். கலந்துகொண்டுதானே இருந்தோம்!

ஏன் வேண்டாம் என்கிறாய் என்று ஒருத்தரும் அவளைக் கேட்கவில்லை. அந்த மருந்தால் உடம்பு ஊதி, மாதவிலக்கு நின்று, கை நடுங்கினால் யாருக்குத்தான் பிடிக்கும்? அப்புறம் வந்த ஒரு டாக்டரம்மா உட்கார்ந்து கேட்டார், மருந்தை மாற்றினார். இப்போது மாத்திரை டப்பா அக்காவின் அலமாரியில்தான் இருக்கிறது.

"முத்திப்போனவங்ககிட்ட என்னத்த கேக்குறது?" என்பீர்கள். 2017 மனநலச் சட்டத்தைக் கொஞ்சம் புரட்டுங்கள். ஒருவர் எடுக்கும் முடிவு நமக்குத் தப்பாகப் படுகிறது என்பதற்காக மட்டும் அவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்று சொல்லிவிட முடியாது, 4ஆம் பிரிவு. நோய் முற்றும்போது எனக்கு இன்ன சிகிச்சை வேண்டும், இன்னது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம், 5ஆம் பிரிவு. உயிருக்கே ஆபத்து என்றால் அவசர சிகிச்சைக்கும், 30 நாள் வரை உள்நோயாளியாகச் சேர்ப்பதற்கும் அதே சட்டத்தில் வழி இருக்கிறது. சாம்பாருக்குத்தான் பிரிவு இல்லை.

"வீட்டில் வைத்துப் பார்த்தால் தெரியும்" என்கிறவர்களுக்கு: எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். அம்மாக்கள் ஓய்ந்துபோவது எனக்கும் தெரியும், அவர்களைக் குறை சொல்லவில்லை. வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு யோசனை சொல்கிறவரைத்தான் சொல்கிறேன்.

நல்லதுக்குத்தானே என்று மட்டும் யாரும் வராதீர்கள். 2001இல் ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்து 28 பேர் செத்தார்களே, அவர்களையும் நல்லதுக்கு என்றுதான் சங்கிலியில் கட்டியிருந்தார்கள்.

ஹார்ட் போட்ட சொந்தக்காரர்களே, அடுத்த கல்யாணத்தில் "அக்கா எப்படியிருக்கா, மாத்திரை ஒழுங்கா போடுறாளா?" என்று என் காதில் கிசுகிசுக்காதீர்கள். பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பாள், அவளிடமே கேளுங்கள்.