டீசல் கெடாது என்பது தவறு அண்ணே

மூடி வைத்தால் டீசல் எத்தனை வருஷம் ஆனாலும் கெடாது, பாதி டேங்க் கிடந்தாலும் பரவாயில்லை என்று மேலே ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். அதை நம்பி யாரும் நடுக்கடலில் மாட்டிக்கொள்ளக் கூடாது.

கன்னியாகுமரி மாவட்டம் தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம், படகு சும்மா நிற்கும். அது சரியாக நம்ம பெருமழைக் காலம். பாதி காலியான டேங்கில் ஈரக்காற்று இருக்கும், ராத்திரி குளிரும்போது உள்சுவரில் வேர்த்து, துளித்துளியாக வடிந்து அடியில் தண்ணீராகத் தேங்கும், ஏனென்றால் தண்ணீர் டீசலைவிடக் கனம். அந்தத் தண்ணீரும் டீசலும் சேரும் இடத்தில்தான் கிருமி வளர்கிறது. போன வருஷம் எங்கள் படகில் பில்டர் கிண்ணத்தைக் கழற்றினால் பழுப்பு நிறத்தில், கஞ்சி ஆடை மாதிரி வழவழவென்று ஒட்டிக்கொண்டு இருந்தது. அலையில் டேங்க் குலுங்கினால் இதுதான் கலங்கிப் போய் பில்டரை அடைக்கும், இன்ஜின் நிற்கும்.

சுத்தமாக, தண்ணீர் படாமல், நிழலில் இருந்தால் 6 மாதம் முதல் 1 வருஷம் தாங்கும், அவ்வளவுதான். விரிய கொஞ்சம் இடம் விட்டு டேங்கை நிரப்பி வையுங்கள். அடிவால்வைத் திறந்து கண்ணாடி பாட்டிலில் பிடித்து ஒரு ராத்திரி வையுங்கள், தண்ணீர் இருந்தால் கீழே தனியாகத் தெரியும். கிருமி மருந்து ஊற்றினாலும் செத்த கசடு உள்ளேயேதான் கிடக்கும், டேங்கைக் கழுவித்தான் ஆக வேண்டும். அப்புறம், துத்தநாகம் பூசிய டின்னில் டீசலைச் சேர்த்து வைக்காதீர்கள்.