எட்டுப் புள்ளி எடுத்துத் தோற்றவர்

ஒவ்வொரு ஒலிம்பிக் முடிந்த கையோடு நம் டைம்லைனில் ஒரு பதிவு வந்துவிடும். பதக்கப் பட்டியலைப் போட்டு, "சீனாவைப் பாருங்கள், சிஸ்டம் என்றால் அதுதான் சிஸ்டம்" என்று. நானும் லைக் போட்டிருக்கிறேன். அந்தப் பதிவுகளுக்குக் கீழே சீன பேட்மிண்டன் வீராங்கனை யே ஜாவோயிங் பற்றி யாராவது எழுதுவார்களா என்று பார்ப்பேன். யாரும் எழுதுவதில்லை, அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

பேட்மிண்டன் பார்க்கிறவர்களிலேயே சாய்னாவுக்குப் பிறகு வந்தவர்களுக்கு இவர் பெயர் தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு. ஹாங்சோ ஊர்க்காரர். 1995, 1997 என இரண்டு முறை உலக சாம்பியன். ஆல் இங்கிலாந்து என்ற பெரிய பேட்மிண்டன் போட்டியின் பட்டத்தை 1997, 98, 99 என்று வரிசையாக மூன்று வருடம் வாங்கியவர். இல்லாமல் போனது ஒலிம்பிக் தங்கம். 1996 அட்லாண்டாவில் பதக்கமே இல்லை. அடுத்த வாய்ப்பு 2000 சிட்னி. அரையிறுதியில் எதிரே நின்றவர் சொந்த நாட்டுக்காரரான கோங் ஜிச்சாவோ. 8-11, 8-11 என்று யே தோற்றார்.

2022-இல் டென்மார்க் தொலைக்காட்சி ஒன்றுக்குக் கொடுத்த பேட்டியில் யே சொன்னது இது: அந்த ஆட்டத்தை விட்டுக்கொடுக்கும்படி பயிற்சியாளர்கள் சொன்னார்கள். இறுதிப் போட்டியில் டென்மார்க்கின் கமிலா மார்ட்டினை வீழ்த்த கோங்தான் சரியான ஆள் என்பது அவர்கள் கணக்கு. பார்க்கிறவர்களுக்குத் தெரியாதபடி தோற்க வேண்டும், மூன்றாவது கேமுக்கு இழுத்து கோங்கைக் களைப்படைய வைக்கவும் கூடாது.

அந்த எட்டைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அன்றைக்கு பெண்கள் ஒற்றையரில் ஒரு கேமுக்கு 11 புள்ளி, அதுவும் சர்வீஸ் போடுகிறவருக்கு மட்டுமே புள்ளி. நீங்கள் சர்வீஸ் போட்டு ரேலியைத் தோற்றால் எதிராளிக்குப் புள்ளி ஏறாது, சர்வீஸ் மட்டும் கைமாறும். தோற்க நினைப்பவருக்கு இதைவிட வசதியான முறை கிடையாது. சரியான நேரத்தில் ஒரு டிராப் ஷாட் வலையின் விளிம்பில் பட்டு நம் பக்கமே விழும், உயரத் தூக்கி அடித்த ஒரு லிஃப்ட் கோட்டுக்கு நாலு விரற்கடை வெளியே போகும். அரங்கில் இருப்பவர் "அடடா" என்பார், அவ்வளவுதான். உலக சாம்பியன் ஒருவர் பூஜ்யத்தில் தோற்றால் சந்தேகம் வரும். எட்டு எடுத்துத் தோற்றால் நல்ல போட்டி என்பார்கள்.

இது அவர் தரப்பு மட்டும்தானே என்று கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். ஆனால் நாலு வருடம் கழித்து ஏதென்ஸில் நடந்ததை அணியின் தலைமைப் பயிற்சியாளர் லி யோங்போவே 2008-இல் சீன அரசுத் தொலைக்காட்சியில் சொல்லிவிட்டார். அங்கும் பெண்கள் ஒற்றையர் அரையிறுதிதான், அங்கும் இரண்டு சீனர்கள். முதல் கேமை ஜாங் நிங் எடுத்ததும், ஜோ மியிடம் அதிகம் போராட வேண்டாம் என்று சொல்லப்பட்டது. ஜாங் நிங் 11-6, 11-4 என்று ஜெயித்தார், பிறகு தங்கமும் வாங்கினார். லி இதை ஒப்புதல் வாக்குமூலம் மாதிரியெல்லாம் சொல்லவில்லை. நல்ல வியூகம் வகுத்தவர் போலத்தான் சொன்னார்.

இதில் எனக்கு ஆறாதது யேவின் இழப்பு மட்டும் இல்லை. கோங்கிடமிருந்தும் ஒன்றைப் பிடுங்கிவிட்டார்கள். அவர் ஒன்றும் தூக்கிவிட்டு மேலே வந்த ஆள் கிடையாது. அதே 2000-இல் ஆல் இங்கிலாந்து அவருடையது, அடுத்த வருடமும் அவருடையதே. சிட்னி இறுதியில் மார்ட்டினை நேர் கேம்களில் அடித்தார். அரையிறுதியை நேர்மையாக விளையாட விட்டிருந்தால் அவரே ஜெயித்திருக்க நல்ல வாய்ப்பு இருந்தது. ஜாங் நிங்குக்கும் அதே கதிதான். 2008-இல் 33 வயதில் மறுபடி தங்கம் வென்ற மனுஷி, அவருக்கு யாருடைய தயவும் தேவையில்லை. ஆனாலும் அந்த முதல் தங்கத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஜோ மி பெயரும் சேர்ந்து வருகிறது. பதக்க எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்ட, ஜெயித்தவரின் வெற்றியையும் சேர்த்துச் சந்தேகத்தில் தள்ளியதை எந்தக் கணக்கில் எழுதுவது?

2012 லண்டன் ஒலிம்பிக்கில் வேண்டுமென்றே தோற்கப் பார்த்தவர்கள் மாட்டிக்கொண்டது நினைவிருக்கும். நாக் அவுட்டில் வசதியான இடம் பிடிக்க, பெண்கள் இரட்டையர் குழு ஆட்டங்களில் சர்வீஸை வேண்டுமென்றே வலையில் அடித்தார்கள். சீனா, தென் கொரியா, இந்தோனேசியா என்று நான்கு ஜோடிகளை வெளியேற்றினார்கள். கூட்டம் கத்தித் தீர்த்தது. என் கண்ணுக்கு அவர்கள் செய்த தனிப் பிழை, நடிக்கத் தெரியாததுதான்.

யேவின் கதை சிட்னியோடு முடியவில்லை. கணவர் ஹாவ் ஹைதோங், சீனக் கால்பந்து அணியின் புகழ்பெற்ற ஸ்டிரைக்கர். 2020 ஜூன் 4 அன்று, 1989-இல் பெய்ஜிங்கின் தியானன்மென் சதுக்கப் போராட்டம் ராணுவத்தால் ஒடுக்கப்பட்டதன் நினைவு நாளில், கம்யூனிஸ்ட் கட்சி ஆட்சி போக வேண்டும் என்று ஹாவ் வீடியோவில் பேசினார், யேவும் அவர் பக்கம் நின்றார். உடனே சீன இணையத்தில் ஹாவின் கணக்கு மாயமானது, ஒரு விளையாட்டுப் பத்திரிகை அவர் பெயரைக்கூடப் போடாமல் 'ஹெச்' என்று ஓர் எழுத்தில் குறிப்பிட்டது. அவர்கள் கைகோத்த, சீன அரசை எதிர்த்து வெளிநாட்டில் இருந்த தொழிலதிபர் குவோ வெங்குய் பின்னாளில் அமெரிக்காவில் மோசடி வழக்கில் குற்றவாளி என்று தீர்ப்பானவர், அந்த அரசியலில் எனக்குத் துளியும் நம்பிக்கை இல்லை. அதற்காக யே வாங்கிய பட்டங்கள் இல்லையென்று ஆகிவிடாது.

2016 முதல் ஒற்றையரில் ஒரு நாட்டுக்கு அதிகபட்சம் இரண்டு பேர்தான். நல்ல விதி. மூன்று பேர் போன காலத்தில் அரையிறுதியில் சொந்த நாட்டுக்காரர் எதிரே வருவது சகஜம், இந்த மாதிரி ஏற்பாடுகளுக்கு அதுவே தோதாக இருந்தது.

சிட்னியில் யே இன்னொரு ஆட்டமும் ஆடினார். வெண்கலத்துக்கு. எதிரே டாய் யுன், அவரும் சீனர். முதல் கேமை 8-11 என்று விட்டு, அடுத்த இரண்டையும் 11-2, 11-6 என்று எடுத்தார். யார் ஜெயித்தாலும் பதக்கம் சீனாவுக்குத்தான் என்பதால், அந்த ஆட்டத்துக்கு முன்னால் அவரிடம் யாருக்கும் சொல்ல எதுவும் இருந்திருக்காது.